வெள்ளை வண்டியை ஓட்டிப் பார்த்த நாள்

என் கணவர் சவூதியில் பதினோரு வருஷம் ட்ரைலர் லாரி ஓட்டினார். அங்கே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து விழுந்தார். கம்பெனி ஊருக்கு அனுப்பிவிட்டது. திருநெல்வேலி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "நான் சொல்லுற வரைக்கும் இவர் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது" என்றார், என்னைப் பார்த்து. அதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முதுகு வலி, அதனால் வந்துவிட்டார் என்றுதான் மாமியாரிடம்கூடச் சொல்லியிருந்தோம்.

வண்டிப் பேச்சை எடுத்தது என் கணவர்தான். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாமியாரால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பழைய எஸ்யூவி ஒன்று வாங்குவது, நான் ஓட்டுவது என்று முடிவானது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது, பழக்கம்தான் குறைவு.

இரண்டு வண்டிகள் தேறின. எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலேயே ஒரு பழைய கார் கடையில் வெள்ளை வண்டி. பனவடலிசத்திரத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் காப்பிக்கொட்டை நிற வண்டி. வெள்ளை வண்டி அதைவிட இரண்டு வருஷம் புதுசு, டயரெல்லாம் நன்றாக இருந்தது. மற்றதில் ஒரு கதவு நசுங்கியிருந்தது. ஆனால் அது ஆட்டோமேட்டிக், கியர் மாற்றுகிற வேலை இல்லை.

"வெள்ளைதான் நல்லா இழுக்கும். ஆட்டோமேட்டிக்கெல்லாம் ஒரு வண்டியா?" என்றார்.

"ஓட்டப்போறது நானுல்லா?" என்றேன்.

வண்டிப் படம் பார்த்துக்கொண்டிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். ஒரு வாரம் எங்களுக்குள் இதே பேச்சு.

சனிக்கிழமை காலையில் வெள்ளை வண்டியைப் பார்க்கப் போனோம். ஏழு வயசு சின்ன மகளும் வந்தாள். கடைக்கார அண்ணாச்சி பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டார். என் கணவர் குனிந்து சத்தத்தைக் கேட்டார், ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்தார், அண்ணாச்சி மறைக்கப் பார்த்த ஒரு எண்ணெய்க் கசிவைக் காட்டிச் சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ட்ரைலர் ஓட்டுன ஆளுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்க? ஏறுங்க தம்பி, சிவகிரி ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று அண்ணாச்சி சாவியை நீட்டினார்.

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்காமலே சாவியை வாங்கிக்கொண்டார். மகள் அதற்குள் கடைசி சீட்டில் ஏறி ஏசிக் காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி முன்னால் அவர் பக்கத்தில் ஏறினார், நான் நடு சீட்டில் உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. கியர் மாற்றுவதே தெரியாமல் ஓட்டினார். மக்காச்சோளக் காட்டுப் பக்கம் ஆடுகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன.

"தம்பி, ஆடு" என்றார் அண்ணாச்சி. வேகம் குறையவில்லை. "தம்பி!"

கண்ணாடியில் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்லுவதுபோல அசைந்தது. நான் கத்தினேன். அண்ணாச்சி எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். வண்டி ரோட்டோர மண்ணில் இறங்கி, குலுங்கி, அணைந்துபோனது. ஆடுகள் சிதறி ஓடின. மேய்க்கிறவள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஏசினாள். கடைசி சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. மகளின் நெற்றி முன்னால் இருந்த என் சீட்டில் இடித்து வீங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "ஏன் நிப்பாட்டியாச்சு?" என்று கேட்டார்.

"உறங்கிட்டீங்களா தம்பி?"

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"அவுகளுக்கு வலிப்பு இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி சுற்றி வந்து கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "தெரிஞ்சும் பிள்ளைய பின்னால வச்சுக்கிட்டு ஓட்ட விட்டியேம்மா" என்றார்.

மூன்று நாள் அவர் திண்ணையில் படுத்தார். நான்காம் நாள், "கண்டவன்ட்ட சொல்லிட்ட" என்றார். நான் மகளின் நெற்றியைக் காட்டினேன். வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு எதுவுமே ஞாபகமில்லட்டி. ஆடு ஏதும் செத்துருச்சா?"

"இல்ல."

அன்றைக்கே அவர் தன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அடுத்த வாரம் பனவடலிசத்திரத்துக்குப் பஸ்ஸில் போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்துத் துரு இருக்கிறதா என்று பார்த்தார், கடைசி சீட்டு பெல்ட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வாத்தியார் சாவியை அவரிடம் நீட்டியபோது, "அவட்ட குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வண்டியைத்தான் வாங்கினோம்.

இப்போது என் பக்கத்தில் உட்காருகிறார். வளைவு வந்தால் அவர் வலது கால் பிரேக் மிதிப்பதுபோலத் தானாகத் தரையை அழுத்துகிறது. கொஞ்சம் பேசாமல் இருந்தாலும், "ஏங்க, டீசல் போடணுமோ?" என்று எதையாவது கேட்பேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. நான் இங்கனதான் இருக்கேன்" என்பார். சில நாள் அதில் எரிச்சல் இருக்கும். சில நாள் அதைக்கூடச் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது நான் மறுபடியும் கேட்பேன்.