நாய்க்கு நான் கொடுத்த கல்சியம்

எங்கள் நாய் எந்தத் திகதியில் கர்ப்பமானது என்பது முல்லைத்தீவுக் கரையில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சனம் வெளியே வந்த நேரம், கோயில் வாசலுக்கு நேரே அது நடந்தது. பாடகர் குழுவில் கடைசிப் பாட்டை முடித்துவிட்டு நான் வந்தபோது, சனம் ஒரு பக்கமும் நாய்கள் இரண்டும் ஒரு பக்கமுமாக நின்றன. யாருடைய நாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்று பின்னேரமே ஒரு கொப்பி எடுத்து, அறுபத்துமூன்று நாளை எண்ணிக் கோடு கீறினேன். உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். கையில் நேரமும் போனில் டேட்டாவும் நிறைய இருந்தன.

அதே வீட்டில் அண்ணிக்கு ஐந்து மாதம். அவருடைய கிளினிக் கொப்பியின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பார்த்து நாய்க்கும் கட்டங்கள் போட்டேன்: நிறை, சாப்பாடு, நடை, குறிப்பு. நிறை பார்த்தது அப்பா மீன் நிறுக்கிற தராசில். பதினாலு கிலோ.

கடலால் வந்த அப்பா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐஸைக் கழிச்சு எழுது, பிள்ளை" என்றார்.

படித்ததை எல்லாம் செய்தேன். கருவாட்டை நிறுத்தினேன். உப்பில்லாமல் மீன் அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். வயிறு பெருத்த பிறகு ஒரே தடவையாக வைக்காமல் நாலு தடவையாகப் பிரித்தேன். வள்ளத்தில் பாய்ந்து ஏறுவதைத் தடுத்தேன். பூச்சி மருந்தைக்கூட மிருக வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவில்லை.

அண்ணிக்குக் கிளினிக்கில் கொடுக்கிற கல்சியம் குளிசை பிடிக்காது. தொண்டைக்குள் நிற்கிறது என்பார். ஒரு நாள் அவர் குளிசைப் பையோடு என்னிடம் வந்தார்.

"மச்சாள், உம்மட நாயின்ர குட்டியளுக்கும் எலும்பு வளரோணுமெல்லே? இதைக் குடும். எனக்கும் ஆக்கினை குறையும்."

யோசித்துப் பார்த்தேன். நாலு குட்டியாவது வரும். நாலு எலும்புக்கூடு. கல்சியம் எங்கேயிருந்து வரும்? தாயிடமிருந்து. உயிரியல் படித்தவருக்கு இதில் சந்தேகம் வராது. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு குளிசையை மீன் உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். கொப்பியில் அதற்கும் ஒரு கட்டம். முப்பது நாள், முப்பது சரி. இடைவெளி இல்லாத கட்டம் அது ஒன்றுதான். போனில் நான் தேடிப் பார்க்காத விஷயமும் அது ஒன்றுதான். தெரிந்ததை யார் தேடுவார்கள்?

குட்டி போடுவதற்கு உயரம் குறைந்த ஒரு பெட்டி செய்து, பழைய சாரத்துணி விரித்து வைத்தேன். நாய் அதை மணந்து பார்த்துவிட்டு அப்பாவின் வலைக் குவியலில் போய்ப் படுத்தது. நைலோன் நூலில் குட்டிகளின் கால் சிக்கிவிடும் என்று அதைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டேன். அது மறுபடியும் வலைக்குப் போனது. மூன்று நாள் இப்படி நடந்தது. கடைசியில் அப்பா வலையைக் கட்டி மேலே தூக்கிவிட்டு, பெட்டியை அந்த இடத்திலேயே வைத்தார். நாய் ஏறிப் படுத்தது. வீட்டில் இருந்த ஒரே தெர்மோமீட்டரால் அதற்குப் பின்பக்கத்தில் சூடு பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் காய்ச்சல் என்று சொன்னதில்லை. அறுபத்திரண்டாம் நாள் காலை, ஒரு பிசகும் இல்லாமல், ஐந்து குட்டிகள்.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம், நாய் நடுங்கத் தொடங்கியது. வாய் பிளந்து இளைத்தது. எழும்பி நின்றால் கால்கள் கதிரைக் கால் போல விறைத்தன. குட்டிகள் கத்தின. அது அவற்றைப் பார்க்கவில்லை. கண் வேறெங்கோ நின்றது.

"மச்சாள், இவள் சாகப்போறாள்" என்றார் அண்ணி.

மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே கொண்டுவரச் சொன்னார். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். நாயையும் கொப்பியையும் மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். வழி முழுக்க அதன் நடுக்கம் என் பல்லில் தெரிந்தது.

டொக்டர் நாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வயித்தில குட்டி இருக்கேக்க கல்சியம் ஏதும் குடுத்தனீங்களோ?"

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இதற்காவது பதில் இருக்கிறதே.

"ஓம் டொக்டர். முப்பது நாளும் குடுத்தனான். ஒரு நாளும் விடேல்ல." கொப்பியை விரித்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "வடிவா எழுதியிருக்கிறியள்" என்றார். ஊசியில் கல்சிய மருந்தை எடுத்துக்கொண்டே சொன்னார். "அந்த நேரம் வெளியால குடுத்தா, தன்ர எலும்பில இருந்து எடுக்கிற வேலையை உடம்பு விட்டிடும். பிறகு பாலுக்கு ஒரேயடியாக் கேக்கும். எடுக்க ஏலாது. சும்மா விட்டிருந்தா இவ்வளவு வந்திராது."

"பிழைக்குமோ?" என்று அப்பா கேட்டார். நான் கொப்பியை மூடினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ."

நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்றார். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் காது நடுக்கம் நின்றது. பிறகு தோள். கடைசியாகப் பின்கால். நாய் என் கையை நக்கியது. குளிசை கொடுத்த கை அது. எனக்கு நல்லதாகப் படவில்லை.

ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைப் பாலுக்கு விடக் கூடாது. கல்சியத்தை இனித்தான், அதுவும் அவர் எழுதித் தந்த அளவில்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டு வாசலில் அண்ணி குட்டிகளை ஒரு பேசினில் வைத்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"நான்தானே குடுக்கச் சொன்னனான்" என்றார்.

"நீங்கள் சொன்னனீங்கள். படிச்சது நான்."

பேசினைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கும் அது கூடாதே?" அவருடைய குரலில் சின்ன நம்பிக்கை ஒன்று இருந்தது.

"உங்களுக்குக் கட்டாயமாம். கேட்டுக்கொண்டு வந்தனான்."

அவர் உள்ளே போய் ஒரு குளிசையை எடுத்துவந்து, இரண்டாக உடைத்து, என் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கினார்.

ஐந்து குட்டிகளுக்கும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாப்பால் கரைத்துப் பருக்கினோம். நாய் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கத்தியது. அடுத்த நாள் மத்தியானம் டொக்டர் போனில், பத்து நிமிடம் மட்டும் விட்டுப் பார்க்கச் சொன்னார். கதவைத் திறந்தேன். அது என்னைத் தாண்டிப் போய், ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, சரிந்து படுத்தது. போனில் மணி பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன்.

"பத்து நிமிசம் முடிஞ்சுது. இனி எடுக்கோணும்" என்றேன்.

"நீயே அதுக்குச் சொல்லு" என்றார் அப்பா.

கையை நீட்டினேன். முதல் தடவையாக அது என்னைப் பார்த்து உறுமியது. உறுமலில் நல்ல பலம் இருந்தது.