நன்றியுரை இரண்டு பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவை பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியாராக இருந்தேன். கிணற்று மோட்டார் ஏன் சீக்கிரம் சூடாகிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடிய வெளிநாட்டு ஆய்விதழுக்கு அது. பக்கக் கட்டுப்பாடு கிடையாது என்று போட்டிருந்தார்கள். வினையே அதுதான்.

சோதனைக்கு மோட்டார் கொடுத்த பட்டறைக்காரர் வந்தார்.

“ஏனுங்க, நன்றியில எம்பேரு இருக்குதுங்களா?”

இருந்தது.

“கெணறு குடுத்த எங்க மச்சான் பேரு? அவரப் போட்டா பங்காளிகளையும் போட்டுருங்க. இல்லீன்னா நாளைக்கு ஊட்டுப்பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க.”

கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அவருடைய தாய்மாமன் தொடங்கி வயது வரிசையில் எல்லோரையும் நன்றியுரையில் ஏற்றினேன்.

இதழாசிரியர் மின்னஞ்சல் அனுப்பினார்: “முடிவுரை அரைப் பக்கம், நன்றியுரை இரண்டு பக்கம். இது பொருத்தமாக இல்லை, சரிசெய்து அனுப்பவும்.”

அவர் இருப்பது ஐரோப்பாவில். நான் இருப்பது பீளமேட்டில். நன்றியுரையில் கை வைக்காமல், முடிவுரையை இரண்டரைப் பக்கத்துக்கு நீட்டி அனுப்பினேன்.