அன்ரனின் காரில் நான்கு மில்லிமீற்றர்

இந்த நேரத்தில் கடிதம் அனுப்புவதை எல்லோரும் பொறுத்துக்கொள்ளவேண்டும். மகன் கண்ணயர்ந்த பிறகுதான் கொம்பியூட்டர் என் கைக்கு வருகிறது. மூன்று நாளாக நாளைக்கு எழுதலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்ல நாளில்லை.

அன்ரன் இறந்த செய்தி மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அவருடைய தங்கை ஸ்டெல்லா கொட்டாஞ்சேனையிலிருந்து பேசினார். "சுமதி அக்கா, அண்ணா விடியக்காலையில போயிட்டாங்க" என்றார். பக்கத்து மேசையில் அவர் பாதியில் விட்ட கப்பல் பத்திரங்கள் அப்படியே இருந்தன. இந்த யுத்த நாட்களில், இந்த ஊரில், முப்பத்தாறு வயதுத் தமிழன் இறந்தான் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வேறொன்று. அதனால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: காய்ச்சல்தான். டெங்கு. ஆறு நாள்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஸ்டெல்லா ஒரு சிறிய நினைவுமலர் அச்சிடுகிறார். அன்ரனின் கார்ப் பந்தயம் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி டொரொண்டோவில் இருக்கும் ஜெகனிடம் கேட்டிருந்தார். ஜெகன் எழுதி, எங்கள் எல்லோருக்கும் திங்கட்கிழமை அனுப்பினார். அதில் ஒரு வசனம்: "ஒருமுறை விதியை மீறினாலும், அதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட நேர்மையாளர்."

ஜெகன் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வசனம் அச்சில் போகக்கூடாது. அன்ரன் விதியை மீறவில்லை. மீறியது நான்.

இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவுக்கும் அனுப்புகிறேன். ஆகவே உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொலைபேசியும் இணையமும் வாடகைக்குத் தரும் கொமியூனிகேஷன் கடையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கொம்பியூட்டரில் பந்தயக் கார் ஓட்டினோம். டூரிங் கார். வீதியில் போகும் நாலு கதவுக் கார் போலவே இருக்கும், உள்ளே எல்லாம் பந்தயத்துக்காக மாற்றியிருக்கும். டயரின் காற்று, சில்லின் சாய்வு, ஸ்பிரிங், தரைக்கும் காருக்கும் இடையிலுள்ள உயரம், எல்லாவற்றையும் நாங்களே இலக்கம் போட்டுத் தீர்மானிக்கலாம். அந்த இலக்கங்களைச் சரிசெய்து, ஒரு சுற்றை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கிறோம் என்பதுதான் போட்டி. பாதிப்பேர் வெளிநாடு போனபிறகும் விடவில்லை. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே ஓடுபாதை. மாதம் ஒருமுறை அவரவர் சிறந்த சுற்றையும் காரின் இலக்கங்கள் உள்ள கோப்பையும் ஜெகனுக்கு அனுப்புவோம். அவர் திறந்து பார்த்து, இணையப் பக்கத்தில் நேரங்களைப் போடுவார். நாங்களே வைத்துக்கொண்ட முக்கியமான விதி ஒன்று: காரின் முன்பக்கம் அறுபது மில்லிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. போனால் அந்த விளையாட்டில் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். நிஜத்தில் எந்தக் காரும் அப்படி ஓடாது.

நான் இதற்குள் வந்தது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில். அன்ரன் ஒரு தாளில் இலக்கங்களை எழுதி வைத்து முறைத்துக்கொண்டிருந்தார். டயர்களின் சூடு, ஒவ்வொரு டயருக்கும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று. எனக்கு அது ஒன்றும் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பௌதிகவியல் செய்முறைக் கொப்பி எழுதியவளுக்கு ஓர் அட்டவணையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "இந்த ஒண்டு மட்டும் மற்றதுகளோட சேரேல்லையே" என்றேன்.

"எது மிஸ்?"

"இடப்பக்க முன் டயர். வெளிப்பக்கம் மட்டும் இவ்வளவு சூடு."

அவர் சாப்பாட்டுப் பார்சலை மூடி வைத்தார். "மூணு கிழமையா எனக்குப் பிடிபடாததை நீங்க பார்சல் பிரிக்க முந்தியே சொல்லிட்டீங்க. சனிக்கிழமை வாங்க."

"எனக்குக் கார் ஓடத் தெரியாது அன்ரன்."

"எனக்கும்தான் தெரியாது. லைசன்ஸே இல்ல."

மகனை மாமியிடம் விட்டுவிட்டுப் போன முதல் சனிக்கிழமை, ஜெகன் என்னைக் கண்டதும் மூலையைக் காட்டினார். "அக்கா, ஈமெயில் பாக்கவோ? அந்தக் கொம்பியூட்டர் சும்மா இருக்கு."

"அவங்க என் இன்ஜினியர்" என்றார் அன்ரன்.

"இன்ஜினியரோ! காஸ் சிலிண்டர் மாத்தத் தெரியுமோ அக்காவுக்கு?"

"மாத்துவன் தம்பி" என்றேன். "நீர் ரெண்டாவது வளைவில ஒவ்வொரு முறையும் மண்ணுக்க போறீராம், அதையும் மாத்தித் தரட்டோ?" கடை முழுக்கச் சிரித்தது. ஜெகன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அதிகம் சிரித்தது நீங்கள்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதற்குள் எத்தனை சோதனைச் சாவடி என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அன்ரன் தன் ஸ்டியரிங்கை ஒரு துணிப்பையில் கொண்டுவருவார். வட்டமான சாமான், வால் போல வயர். ஒருமுறை காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியபோது நானும் அவரோடு நின்றேன். பைக்குள் கையை விட்ட ராணுவப் பையன் ஒரு நொடி அசையவில்லை. பிறகு அதை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்து, "கார் எக கோ?" என்று கேட்டான். கார் எங்கே என்று, சிங்களத்தில். அன்ரன் முகத்தை மாற்றாமல், "கார் எக கொம்பியூட்டர் எகே, சேர்" என்றார், கார் கொம்பியூட்டருக்குள் என்று. அந்தப் பையன் ஸ்டியரிங்கைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்து இடமும் வலமுமாக இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தான். பஸ்ஸில் ஏறியபிறகு பார்த்தேன், அன்ரனின் சேர்ட் முதுகு முழுக்க ஈரம். "பயந்தனீங்களோ?" என்றேன். "பயமில்லாம? முந்தாநாள்தான் அதுக்குப் புது வயர் போட்டேன். பிடுங்கிப் போட்டா எனக்குப் போட்டி போச்சு" என்றார்.

அவருடைய வேலை முறை ஒன்றே ஒன்று. ஒரு தடவையில் ஒரு விஷயத்தைத்தான் மாற்றவேண்டும். மாற்றி, மூன்று சுற்று ஓடி, நேரத்தைக் கொப்பியில் எழுதி, பிறகுதான் அடுத்தது. "ரெண்டை மாத்தினா, எது நல்லது செஞ்சது எது கெட்டது செஞ்சதுன்னு கார் சொல்லாது மிஸ்." என் மகன் பல நாள் இரவு தூங்காமல் அழுதபோது நான் பால்மா வகையை மாற்றி, மெத்தையை மாற்றி, அறையை மாற்றி, கடைசியில் மருத்துவரையும் மாற்றிவிட்டு, அலுவலகத்தில் மேசையில் தலைவைத்துக் கிடந்தேன். அன்ரன் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். "எல்லாத்தையும் பழையபடி வையுங்க. முதல்ல ஒண்ணை மாத்துங்க. மூணு நாள் எழுதுங்க." மின்விசிறியின் சத்தம்தான் காரணம் என்பது இரண்டாவது தாளில் தெரிந்தது. கல்யாணமே ஆகாத மனுஷன் சொல்லி என் பிள்ளை தூங்கினான் என்று மாமி இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறார்.

இனி அந்தச் சனிக்கிழமை.

நீண்ட வலது வளைவில் எங்கள் கார் திரும்ப மறுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. அன்ரன் அன்று வரப் பிந்தினார். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்க நான் முன்பக்கத்தை ஐம்பத்தாறுக்கு இறக்கினேன். விதி எனக்குத் தெரியும். மூன்று சுற்று ஓடிப் பார்த்துவிட்டு அறுபதுக்கே உயர்த்துவதுதான் எண்ணம். இரண்டாவது சுற்றில் கடை வானொலியில் நகரத்தில் குண்டு வெடித்த செய்தி வந்தது. கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. மாமி மகனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் எழும்பினேன். "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று திரை கேட்டது. ஆம் என்று அமுக்கிவிட்டு ஓடினேன். எங்கள் நல்ல கோப்பின் பெயரிலேயே அது சேமிக்கப்பட்டது. கொப்பியில் நான் ஒன்றும் எழுதவில்லை. மாமி சந்தைக்குப் போயிருக்கவில்லை. மகன் வீட்டில் தரையில் பாத்திரம் தட்டிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் அன்ரன் வந்து அதே கோப்பில் ஓட்டினார். அன்றுதான் அனுப்பக் கடைசி நாள். எங்கள் பழைய நேரத்தைவிட ஒரு விநாடியின் பத்தில் மூன்று பங்கு குறைவு. அனுப்பிவிட்டார். ஜெகன் கோப்பைத் திறந்தார். முன்பக்கம் ஐம்பத்தாறு. அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது இது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அன்ரன் என்னிடம் கேட்டார், "மிஸ், முன்பக்கத்தைத் தொட்டீங்களா?"

நான் "இல்லையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். பொம்பிளையைச் சேர்த்தால் இதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள் என்ற பயம். பிள்ளையை விட்டுவிட்டு என்ன விளையாட்டு என்று வீட்டில் கேட்பார்கள் என்ற பயம். எல்லாம் சேர்த்து ஒரு சொல்லாக வந்துவிட்டது. அவர் "சரி" என்றார். தன் பார்சலில் இருந்த முட்டையில் பாதியை வழக்கம்போல என் பக்கம் வைத்தார். அன்று இரவே ஜெகனுக்கு எழுதினார்: "கோப்பு என் பெயரில் வந்தது. பொறுப்பு என்னுடையது." மூன்று மாதம் அவரை நிறுத்தி வைத்தீர்கள். இணையப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே "விதிமீறல்" என்ற சொல் இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் மறுபடி என்னிடம் கேட்கவேயில்லை. ஏப்பமிடுவது, சீட்டியடிப்பது, என் மகனுக்கு ரொபி மிட்டாய் அனுப்புவது, எல்லாம் முன்னைப் போலவே.

ஒருவேளை அவருக்குத் தெரியாதோ என்றுதான் இவ்வளவு காலமும் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அந்தக் கொப்பியைப் பார்க்கத் தந்தார். "அக்காவுக்குத்தான் இது விளங்கும்" என்றார். அந்தச் சனிக்கிழமைக்கான பக்கத்தில், மற்றப் பக்கங்களைவிட வேறு மையில், ஜெகன் அறிவித்த பிறகு, என்னிடம் கேட்பதற்கு முன்பே எழுதியிருக்கவேண்டும், இப்படி இருக்கிறது: "முன் 56. மிஸ் வைத்தது. குழந்தைக்காக ஓடியிருக்கிறார், கடைக்காரர் சொன்னார். மூக்கு திரும்புகிறது. யோசனை சரி. 60இல் இதை எப்படி எடுப்பது?"

அதற்குப் பிறகு பதினொரு பக்கங்கள். நிறுத்தி வைக்கப்பட்ட மூன்று மாதத்தில் தனியாக ஓடியிருக்கிறார். முன்பக்கத்தை இறக்குவதற்குப் பதிலாகப் பின்பக்கத்தை ஒவ்வொரு மில்லிமீற்றராக உயர்த்தியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று. பின்பக்கம் வழுக்கத் தொடங்கியதும் பின் டயரில் காற்றைக் குறைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில்: "முன் 60. பின் 5 கூட. 1:38.6. மிஸ்ஸுக்குக் காட்டவேண்டும்."

நீங்கள் தள்ளுபடி செய்த நேரம் 1:38.7.

அவர் எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஐம்பத்தாறைப் பற்றியும் நாங்கள் கதைக்கவேண்டி வந்திருக்கும்.

அந்தச் சுற்றும் அதன் கோப்பும் கடைக் கொம்பியூட்டரில் அவருடைய பெயரில் இருந்தன. இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜெகன், திறந்து பாருங்கள். முன்பக்கத்தை நான் மூன்று தரம் பார்த்துவிட்டேன், அறுபதுதான். இதைப் பட்டியலில் போடுவதும் விடுவதும் உங்கள் எல்லோருடைய முடிவு. அதற்காக நான் வாதாட வரவில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் என் பெயருக்கு நேரே போடுங்கள். மலரில் அந்த ஒரு வசனத்தை எடுத்துவிடுங்கள். ஸ்டெல்லா, உங்களிடம் நேரில் வந்து சொல்லியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் அம்மாவிடமும் நானே சொல்கிறேன்.

கொப்பியை அன்றைக்குத் திருப்பித் தந்துவிடுவேன். அது உங்கள் வீட்டுக்குரியது. அன்ரனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, பொய் என்று தெரிந்தும் அவர் சொன்ன அந்தச் "சரி"தான். அதைக் கேட்டபோது தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த நேரம் அவர் என்னைத் தப்பவிட்டார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மலர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போகிறது. ஜெகன், வியாழக்கிழமை இரவுக்குள் எனக்குப் பதில் போடுங்கள்.