வாசலுக்கு ஒரு மண், சாக்கடைக்கு ஒரு மண்

சின்னவளே, நீ பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்தபோது நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மார்கழி பிறந்த சமயம். முந்தின நாள் முழுக்க விடாத மழை. குளம் உடைந்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினார். எந்தக் குளம் என்று நான் கேட்பதற்குள் அவர் வீட்டில் பாத்திரங்கள் மிதந்து ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது.

பெரியவளுக்கு இது கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். உனக்கு இருக்க வழியில்லை. அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் தையல் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தையலில் ஈரம் படக் கூடாது. நல்ல தண்ணீரே படக் கூடாது என்றால், வாசலில் நின்ற தண்ணீரைச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடையும் உப்பளத்துச் சேறும் கலந்து கறுப்பாக இருந்தது. செத்த எலி ஒன்று நம் படியை முட்டிக்கொண்டிருந்தது. நம் வீட்டுக்கு ஒரே வாசல், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மாடி கிடையாது. அம்மா எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரக் கூடாது. அன்று காலையில் என் மனதில் வேறு எந்த நினைப்பும் இல்லை.

வீட்டில் இரண்டு விதமான மண் இருந்தது. ஒன்று, முருங்கைக்குப் போட என் ஊர்த் தேரி மேட்டிலிருந்து கொண்டுவந்த செம்மண். இன்னொன்று, அம்மாவின் ஊரில் வயலுக்குப் பாயும் குளத்தில் எடுத்த வண்டல். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட வேண்டுமே என்று, நீ வயிற்றில் இருக்கும்போதே அம்மா அந்த வண்டலில் சமையலறை மூலையில் பெரிய அடுப்பு ஒன்று போட்டிருந்தாள். அதில் மிஞ்சியது ஒரு சாக்கு.

நான் செம்மண்ணைத்தான் எடுத்தேன். பிறந்ததிலிருந்து மிதித்த மண் அதுதானே. மேல்படியில் செங்கல் அடுக்கி, குழைத்து அப்பினேன். பார்க்க அருமையாக இருந்தது. தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் சர்க்கரை மாதிரிக் கரைந்து, செங்கல் இடுக்கு வழியாகச் சிவப்பாக உள்ளே வந்தது.

கட்டிலில் படுத்தபடியே அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“என்ன செய்யுதிய அங்கன? புட்டு அவிக்கியளா?”

“ஏளா, மண்ணக் குழைச்சுத்தான வச்சிருக்கேன்.”

“உங்க ஊர்ல எங்க மண்ணு இருக்கு? பூரா மணலுல்லா! புட்டுமாவ வச்சு அணை கட்டுதாராம் அணை. வண்டல எடுங்க.”

“அது ஒரு சாக்குதான் கெடக்கு. தீந்துட்டா?”

“தீந்தா அப்பம் பாப்போம். தண்ணிய ஊத்தாதிய, தெளிங்க. கொழுக்கட்டை மாவுப் பதம் வரணும். தும்பு போட்டு மிதிங்க, அப்பந்தான் பிடிச்சு நிக்கும்.”

சின்னவளே, உன்னைக் குளிப்பாட்ட வாங்கிய புது பேசினில்தான் அந்த மண்ணை மிதித்தேன். பழைய மெத்தை ஒன்றைக் கிழித்துத் தேங்காய் நார்த் தும்பை எடுத்தேன். முதலில் குதிகாலில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மிதிக்க மிதிக்க, ஒட்டுவதை விட்டுவிட்டு வழவழவென்று திரண்டது. உருண்டை பிடித்துச் செங்கல்மேல் ஓங்கி அறைந்து, கட்டைவிரலால் அழுத்தி, அதன்மேல் அடுத்த உருண்டை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கீறலில் உருண்டை நுழையவில்லை. அம்மா சொன்னபடி கொஞ்சம் வண்டலைத் தோசைமாவு மாதிரி கரைத்து, அதில் கந்தல்துணியை முக்கி, கரண்டிக் காம்பால் குத்தித் திணித்தேன். அணை என் முழங்காலுக்கு மேலே வந்தது. அத்தோடு சாக்கும் காலி.

தண்ணீர் அணையின் பாதி உயரம் ஏறியது. ஆனால் உள்ளே வரவில்லை. அப்போதுதான் தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. அது கிளப்பிய அலை ‘தப்’பென்று வந்து மோதியதில் ஒரு ஓரம் பிளந்தது. இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

“ஏலே, மெதுவாப் போலே! நானும் டிரெய்லர் ஓட்டுறவந்தாம்லே!”

அவன் காதில் விழுந்ததோ என்னவோ. பிளவை மறுபடி பூசிக்கொண்டிருந்தபோது பெரியவள் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, பாத்ரூம்ல என்னமோ கொப்பளிக்கி.”

ஓடிப் போய்ப் பார்த்தேன். குளிக்கிற தண்ணீர் வெளியே போகும் ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து நானும் அம்மாவும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு வழி இருப்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. குதிகாலை ஓட்டையில் வைத்து அமுக்கினேன். காலைச் சுற்றிப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

“என்ன, சத்தத்தையே காணும்?” என்றாள் அம்மா.

“சாக்கடைத் தண்ணி உள்ள ஏறுதுளா. அடைக்க மண்ணு இல்ல.”

கூரை மழைச் சத்தத்துக்கு மேலே அம்மாவின் குரல் வந்தது.

“அடுப்ப இடிங்க.”

“உனக்கு வெந்நீர் போடணுமே.”

“நிக்கதுக்குத் தரை இருந்தால்லா வெந்நீர்? உள்பக்கம் நெருப்புப் பட்டது குழையாது, அதத் தொடாதிய. வெளிப்பக்கத்த வெட்டி எடுங்க. இதுக்குத் தும்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சப்பாத்தி மாவு மாதிரி இறுக்கமாப் பிசைங்க.”

வெட்டுக்கத்தியால் அடுப்பின் வெளிச்சுவரைக் கொத்தி எடுத்தேன். காய்ந்து கிடந்த மண் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கவில்லை. உலக்கையால் இடித்துப் பொடியாக்கினேன். வாளியில் போட்டுத் தண்ணீர் தெளித்து, ஒரு குதிகால் ஓட்டையில், இரண்டு கையும் வாளியில் என்று குனிந்து நின்று பிசைந்தேன். கறுப்புத் தண்ணீர் பாத்ரூம் நிலையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கட்டில் இருந்த அறைப் பக்கம் நாக்கை நீட்டியது. பெரியவள் அழ ஆரம்பித்தாள். நீ எதுவும் தெரியாமல் பால் குடித்துக்கொண்டிருந்தாய்.

மண் ஒருவழியாகத் திரண்டது. பழைய சேலைத் துணியில் கட்டி, காலை எடுத்த வேகத்தில் ஓட்டைக்குள் திணித்து, உலக்கையால் இடித்து இறக்கினேன். மேலே இன்னொரு உருண்டை, அதன்மேல் அம்மிக்கல். கொப்பளிப்பு நின்றது. கல்லின் ஓரத்தில் கசிந்ததே தவிர, பொங்கவில்லை. அறைக்குள் வந்திருந்ததைச் சாக்கால் ஒற்றி எடுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் மழை விட்டது. தெருவில் ஆண்குரல் கேட்டது. “உள்ள யாரும் இருக்கியளா?” கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர் ஒரு ஃபைபர் படகை லாரியில் ஏற்றி வந்து, தெருமுனையில் இறக்கி வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“பச்ச உடம்புக்காரியா? பிள்ளை வேற இருக்கா?” என்றார் மூத்தவர். “உடனே கெளப்புங்க அண்ணாச்சி. ஒடைஞ்ச குளத்துல இருந்து தண்ணி இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு. பொழுது சாயதுக்குள்ள இடுப்புக்கு வந்துரும்.”

பெரியவளை முதலில் தூக்கிப் படகில் விட்டோம். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்குவதாக ஏற்பாடு. வழி பார்க்க இளையவர் அணைமேல் கால் வைத்தார். வழுக்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏலே, ஆடுத போட்டுல நிப்ப, களிமண்ணுல நிக்க மாட்டியோ?” என்று மூத்தவர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. “இது மேல நாற்காலியத் தூக்கிட்டு ஏற முடியாது அண்ணாச்சி. சாஞ்சுதுன்னா தாயும் பிள்ளையும் தண்ணிக்குள்ள. இத வெட்டி விட்டுருங்க.”

மண்வெட்டி கையில்தான் இருந்தது. கைதான் எழவில்லை. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. அரிசிமூட்டை, துணிமணி, பெரியவளின் புத்தகப்பை எல்லாம் அந்தத் தரைமேல்தான் இருந்தன.

“என்ன பாத்துக்கிட்டே நிக்கிய?” என்றாள் அம்மா.

“தண்ணி உள்ள வந்துரும்ளா.”

“வரட்டுமே. நான்தான் வெளிய போறேன்லா?”

வெட்டினேன். லேசில் விடவில்லை அந்த மண். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டது, ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பாளம் சாய்ந்ததும் மிச்சத்தைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கட்டில் கால்கள் முங்குவதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் இளையவரும் நாற்காலியைத் தோளுயரத்துக்குத் தூக்கினோம். உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூத்தவர் படகைப் படியோடு ஒட்டிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு அடியையும் காலால் துழாவித்தான் வைத்தோம். படகுப் பலகையில் நாற்காலி உட்கார்ந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

படகு கொண்டுபோய் விட்ட ஆஸ்பத்திரி மேடான இடத்தில் இருந்தது. அதே நர்ஸம்மா தையல்மேல் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“காஞ்சுதான் இருக்கு. நனையல” என்றார்.

நான் உன்னை வாங்கக் கையை நீட்டினேன். அம்மா என் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை வண்டல் காய்ந்து வெடித்திருந்தது.

“மொதல்ல போய்க் கழுவிட்டு வாங்க. அப்புறம் பிள்ளையத் தாரேன்.”