ஒரு நெல்மணி உயரம்

மேலப்பாளையத்து நஸீமா இருபது வருஷமாக மணப்பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். மருதாணிக் கோனின் முனை அவளிடம் தோலைத் தொடாது. ஒரு நெல்மணி உயரத்தில் நிற்கும். பிழியப் பிழிய மருதாணி இழையாக இறங்கி, கைக்குச் சற்றுப் பின்னால் வந்து படியும். அவளுக்கு வேறு முறை தெரியாது.

காயல்பட்டினத்து ஜமீலா பீவி மகள் கல்யாணத்தில் பன்னிரண்டு பெண்களுக்குப் போட வேண்டும். இவ்வளவு பெரிய வேலை அவளுக்கு வந்ததில்லை. மணப்பெண்ணின் அக்கா ஸமீஹா துபாயிலிருந்து நிபந்தனை வைத்தாள். டிசைனை டேப்லெட்டில் வரைந்து வியாழக்கிழமைக்குள் காட்ட வேண்டும். போட்டிக்கு நிற்கும் பார்லர்காரி அப்படித்தான் காட்டுகிறாளாம்.

கொழுந்தன் சவூதியிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன டேப்லெட் ஒன்று வீட்டில் இருந்தது. நஸீமா அதோடு வந்த பேனாவைத் திரைக்கு ஒரு நெல்மணி உயரத்தில் பிடித்து ஒரு மாங்காய் வடிவம் போட்டாள். ஒன்றும் விழவில்லை. பிழிந்தாள். பேனாவின் பக்கத்துப் பொத்தான் அமுங்கி, பிரஷ் அழிப்பானாக மாறியது.

“ஏட்டி, பேனா கண்ணாடியத் தொடணும்லா,” என்றார் கணவர் சிராஜுதீன்.

“தொட்டு இழுத்தா செவத்துல கரிக்கோடு போட்ட மாதிரில்லா வருது மச்சான்.”

பிரஷ்கள் நூற்று நாற்பது இருந்தன. கரி, எண்ணெய், புகை, மழைத்துளி. மருதாணி இல்லை.

“மேகத்துக்கு மட்டும் மூணு வச்சிருக்கான். கல்யாணப் பொண்ணு கையில எவ மேகம் போடுவா?”

பிரஷின் பருமனை நகர்த்திக் கூட்டும் திரையோரக் கோட்டில் விரல் வழுக்கியது. வைத்த ஒரே புள்ளியில் திரையிலிருந்த உள்ளங்கைப் படம் முழுவதும் பழுப்பானது.

“நம்ம நிக்காஹுக்கு நீ இப்பிடித்தான் அப்பிட்டு வந்த,” என்றார் சிராஜுதீன்.

செவ்வாய்க்கிழமை துப்பட்டாவைச் சரி செய்யப்போன அவள் கை திரையில் எங்கோ பட்டது. அடுத்து இழுத்த வளைவு பேனாவோடு வரவில்லை. ஒரு விரற்கடை பின்னால், தயங்கித் தயங்கி வந்து படிந்தது.

“கெட்டுப்போச்சுட்டி. பேனா ஒரு பக்கம் போவுது, கோடு ஒரு பக்கம் வருது.”

“கெடல. இப்பந்தான் சரியா வருது.”

நான்கு இலை போட்டாள். ஐந்தாவதற்கு முன் தண்ணீர் குடிக்க எழுந்தாள். திரை அணைந்தது. மறுபடி ஏற்றியபோது பிரஷ் எல்லாவற்றையும் மறந்திருந்தது. பருமன் கோட்டுக்குப் பக்கத்தில், எண்ணும் இல்லாமல், புரிகிற பெயரும் இல்லாமல், பிரஷை மாற்றும் பதினொரு கோடுகள் இருந்தன. அதில் எதை எவ்வளவு நகர்த்தினோம் என்பது அவளுக்குத் தெரியாது.

புதன் மாலை, அதேபோல் தற்செயலாக, இழை திரும்பி வந்தது. அதன்பின் அவள் யாரையும் கிட்டே விடவில்லை. முழங்கை வரை இரண்டு கையும் முடித்தாள்.

“அனுப்பிரு,” என்றார் சிராஜுதீன்.

“அனுப்பப் போனா இது மூடிக்கிடும், இழை போயிரும். பொறவு அவ ஒரு பூ சேக்கச் சொன்னா எதுல சேப்பேன்? நேருல கொண்டு போயிருவோம்.”

வியாழக்கிழமை திருச்செந்தூர் பஸ்ஸில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரை அணையாதபடி ஓயாமல் தட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்து இருக்கைப் பெண், அவள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ரு எண்ணுகிறாள் என்று நினைத்து, தள்ளி உட்கார்ந்து மரியாதையாக இடம் விட்டாள்.

ஜமீலா பீவி தன் போனைத் தூக்கி டேப்லெட்டுக்கு நேரே பிடித்தார். போனில் ஸமீஹா.

“எல்லாம் நல்லா இருக்கு லாத்தா. இலைய மட்டும் கொஞ்சம் தடிமனா மாத்துங்களேன்.”

பருமன் கோடு அந்தப் பதினொரு கோடுகளை ஒட்டித்தான் இருந்தது; விரல் வழுக்கினால் இழை போய்விடும். நஸீமா அதைப் பார்த்தாள். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

“மாத்த முடியாதும்மா.”

“பார்லர்ல எத்தன தடவ சொன்னாலும் மாத்துதாங்க.”

“அவங்க மாத்துவாங்க. நான் மாத்த மாட்டேன்.”

கூட வந்திருந்த சிராஜுதீன் தரையைப் பார்த்தார். பன்னிரண்டு பெண்கள். இருபத்துநான்கு கைகள்.



“உம்மா, இவங்களுக்கே சொல்லிருங்க,” என்றாள் ஸமீஹா. “அந்த பார்லர்காரி எதச் சொன்னாலும் தலையாட்டுதா. அவ போட்டதுல அவளுக்கே நம்பிக்க இல்ல. இவங்க ஒரு இலைக்குக்கூட அசையல பாத்தீங்களா?”

“கைவேலைக்காரின்னா அப்பிடித்தான் இருப்பாவ,” என்றார் ஜமீலா பீவி. பின் நஸீமாவிடம் திரும்பினார். “புதன்கெழம சாயங்காலம் அசருக்கு வந்துருங்க. இப்பம் என்ன குடிக்கிய? சாயாவா, சர்பத்தா?”

நஸீமா திரையை இன்னொரு தட்டு தட்டினாள்.

“அது இருக்கட்டும் மாமி. இங்கன சார்ஜ் போட எடம் எங்க இருக்கு?”