ரைஸ் குக்கரும் எழுதிய நாட்குறிப்பு

செய்தி வந்தபோது மாலை ஐந்து மணி. ஒஸ்லோவில் ரொம்சோஸ் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். கீழ் வீட்டுப் புஷ்பமலர் அக்காவின் அழைப்பு. "தங்கச்சி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். மற்றதை அவருடைய தம்பி தொலைபேசியை வாங்கிச் சொன்னார். ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் விட்டுவிட்டு, ஓட்டுநர்களின் ஓய்வறையில் தேநீரோடு உட்கார்ந்தவர் எழவில்லை. இதயம். பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகுதான் நடந்திருக்கிறது.

இது நேற்று. அக்காவின் கணவர் குலேந்திரன் அண்ணாவைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், அழுகைக்கு முன்னால் அவருடைய குதூகலம் வந்து நிற்கிறது. நான் என்ன செய்ய? இந்த நாலு மாதமும் அவர் அப்படித்தான் இருந்தார்.

அவர் திருகோணமலைக்காரர். ஒஸ்லோவுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி பஸ் ஓட்டினார். நான் ஈரோட்டிலிருந்து வந்தவள். ஒரே கட்டடம், அவர்கள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. ஒரே மகள் துசாந்தினிக்கு வடக்கே துறொம்சோவில் ஒரு மருந்தகத்தில் வேலை. மகளிடம் அவருக்கு உயிர். ஆனால் தொலைபேசியில் அவர் கேட்பது இரண்டே கேள்வி: "சாப்பிட்டியோ?" "அங்கை குளிரோ?" பிறகு "அம்மாட்டைக் குடுக்கிறன்."

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் அவள் வெடித்துவிட்டாள். நானும் இருந்தேன்.

"அப்பா, நீங்கள் ஒரு நாள் முழுக்க என்ன செய்யிறியள் எண்டு எனக்குத் தெரியாது. சும்மா கேட்டாலும் 'வேலை' எண்டுறியள். ஒரு டாக்பூக் எழுதுங்கோ. ஒவ்வொரு நாளும் நான் வாசிக்கிறன்."

டாக்பூக் என்றால் நாட்குறிப்பு. அவருடைய கைபேசியில் அவளே ஒரு நாட்குறிப்புச் செயலியை ஏற்றி, தன்னுடையதோடு இணைத்தும் கொடுத்தாள்.

"எழுதாட்டி?"

"நான் கோடைக்கு வீட்டை வரும்வரைக்கும் ஒரு பக்கமும் காலியா இருக்கப்படாது. ஒண்டு காலியா இருந்தாலும் வரமாட்டன். ஸ்பெயினுக்குப் போயிடுவன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பந்தயத்தை ஏற்றுக்கொண்டவர் மாதிரி தலையை ஆட்டினார்.

புது வருடத்தின் முதல் நாள் அவர் எழுதியது: "இன்று வேலை." இரண்டாம் நாள்: "இன்றும் வேலை." மூன்றாம் நாள்: "மேலே பார்க்கவும்." நான்காம் நாள் மாலை, கம்பளிக் காலுறையோடு படியேறி வந்து என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, நீங்கள் வேலையிலை என்ன செய்யிறனீங்கள்?"

"ஒரு சாஃப்ட்வேரையும் இன்னொரு சாஃப்ட்வேரையும் பேச வைக்கறதுதாண்ணா என் வேலை."

"அப்ப இதைக் கதைக்க வையுங்கோ. இது தானா எழுதோணும்."

"எதைப் பத்திண்ணா?"

"என்னைப் பற்றித்தான். எனக்கு என்னைப் பற்றி ஒண்டும் தெரியேல்லை."

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். இரண்டு செயலிகளை இணைக்க ஒரு சேவை இருக்கிறது. அதில் விதிகள் எழுத வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பாதி. முதல் பாதி, என்ன நடந்தால். இரண்டாம் பாதி, என்ன செய்ய வேண்டும். காலை ஆறு மணி ஆனால், வானிலையை எடுத்து நாட்குறிப்பில் எழுது. இதுதான் நாங்கள் எழுதிய முதல் விதி.

மறுநாள் விடியுமுன்னே தொலைபேசி அலறியது. "எழுதிப்போட்டுது! குறை பதின்மூண்டு பாகையாம், மெல்லிய பனியாம்! நான் கட்டிலிலை கிடக்கிறன், அது எழுதிப்போட்டுது!" பின்னணியில் அக்காவின் குரல்: "வெளியிலை எட்டிப் பாத்தாலும் அதுதானே தெரியும்!"

அதன்பின் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கைக்கடிகாரம் எண்ணும் நடையைச் சேர்த்தோம். வேலை அட்டவணையைச் சேர்த்தோம். எந்தத் தடத்தில் எப்போது பஸ் எடுத்தார் என்பது தானாக வந்து விழுந்தது. ஒவ்வொன்று வேலை செய்யும்போதும் மேசையில் ஓங்கி ஒரு தட்டு. "இன்னுமொண்டு கொழுவுவம் தங்கச்சி!" கொழுவுவது என்றால் எங்கள் ஊரில் மாட்டுவது. அவரோடு பழகி, அலுவலகக் கூட்டத்தில்கூட ஒரு நாள் அந்தச் சொல் என் வாயில் வந்துவிட்டது.

ரைஸ் குக்கரைக் கொழுவியது அவருடைய யோசனை. மின்சாரம் ஓடுவதைத் தெரிவிக்கும் பிளக் ஒன்றை வாங்கி வந்து சமையலறையில் பொருத்தினார். குக்கர் சூடாகத் தொடங்கினால் நாட்குறிப்பில் ஒரு வரி விழும்: "சோறு வைத்தாயிற்று." அன்று மாலை வேலை முடிந்து வந்த புஷ்பமலர் அக்கா பிளக்கைக் கண்டுவிட்டார்.

"இதென்ன, என்ரை சோத்துக்கும் ஆள் வைச்சாச்சோ?"

"சோத்துக்கில்லையப்பா, பிளக்குக்கு."

"நாளைக்கு என்ரை வாயிலையும் ஒண்டைக் கொழுவுங்கோ."

"அதுக்கு மெமரி காணாது."

அக்கா அகப்பையை ஓங்கினார். கைக்கடிகாரம் அந்தப் பரபரப்பில் அண்ணாவின் இதயத் துடிப்பைக் குறித்துக்கொண்டது. அதுவும் நாட்குறிப்பில் ஏறியது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கடிகாரம் அதிர்ந்து, "உடற்பயிற்சி செய்கிறீர்கள் போலிருக்கிறது, பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டதாம். அவர் ஆம் என்று அழுத்தியிருக்கிறார். அன்றைய பக்கத்தைப் பார்த்துத் துறொம்சோவிலிருந்து பதில் வந்தது: "சனீஸ்வரனோடை ஓடினீங்களோ, அப்பா?"

மகளின் பதில் வந்த நாட்களில் அவர் மூன்றாம் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறுவார். காலடி கேட்டாலே எனக்குத் தெரியும்.

அடுத்தது படங்கள். கைபேசிக்குள் வரும் படங்களில் சிலதை நாட்குறிப்பு தானாக எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு விதி. இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். அவர் எடுக்கும் படங்கள் மட்டும் கைபேசியில் இருப்பதாக நான் நினைத்தேன். அவரோ வாட்ஸ்அப்பில் திருகோணமலை ஊர்க் குழுவில் இருந்தார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இருநூற்றுச் சொச்சம் பேர். மறுநாள் காலைப் பக்கத்தில் பனித்துளியோடு ஒரு ரோஜா, "காலை வணக்கம்" சொல்லும் பிள்ளையார், தேநீர்க் கோப்பையோடு ஒரு பூனை, அவற்றின் கீழே கறுப்புக் கரையிட்ட மூன்று மரண அறிவித்தல்கள்.

துசாந்தினி பதறியடித்து அழைத்தாள். "அப்பா! ஆர் இந்த நல்லையா? ஆர் இந்தக் கனடா மாமி? ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கும் தெரியாது பிள்ளை."

"தெரியாட்டி ஏன் உங்கடை டாக்பூக்கிலை?"

"அது தானா ஏறினது. ஆனா மூண்டு பேருக்கும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' போட்டிட்டன்."

அவள் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. அன்று அப்பாவும் மகளும் பேசியது நெடுநேரம். அம்மாவிடம் கொடுக்கவே இல்லை.

"காலை வணக்கம்" என்ற எழுத்துள்ள படங்களைத் தள்ளச் சொல்லி ஒரு விதி எழுதினேன், அவை நின்றன. மரண அறிவித்தல்களுக்கும் அப்படியே எழுதப் போனபோது அவர் என் கையைத் தடுத்தார்.

"பொறுங்கோ தங்கச்சி. தெரிஞ்ச ஆள் ஆரும் செத்தா அது டாக்பூக்கிலை வரத்தானே வேணும்? தெரியாத ஆக்களை மட்டும் மறிக்கேலாதோ?"

"தெரிஞ்சவங்களா இல்லையான்னு அதுக்கு எப்படிண்ணா தெரியும்?"

"அதுதானே!" என்று தாடையைச் சொறிந்தார். "சரி, அதைப் பிறகு பாப்பம்." அவர் சொன்ன நிபந்தனையோடு முதல் பாதியை மட்டும் எழுதி, விதியைச் சேமித்து மூடினேன்.

பெப்ரவரி கடைசியில் துசாந்தினி ஒரு குரல் பதிவு அனுப்பினாள். கோபமில்லை, களைப்பு. "அப்பா, எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனா இது உங்கடை ஃபோன்ரை டாக்பூக். நீங்கள் இதுக்குள்ளை எங்கை?"

அந்த வாரம் படியில் காலடி கேட்கவில்லை. ஒரு பக்கமும் காலியாக இல்லை; ஆனால் பந்தயத்தில் தோற்றுவிட்டோம் என்பது இருவருக்கும் தெரிந்தது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை லோறென்ஸ்கூக்கில் சாமான் வாங்கக் கிளம்பினேன். வந்து நின்ற பஸ்ஸில் அவர். முன் இருக்கையில் உட்கார்ந்தேன். ஓட்டும்போது அவர் யாரோடும் பேசுவதில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் இருக்கையிலிருந்தபடியே திரும்பினார், கண்கள் மின்னின.

"தங்கச்சி, கேட்டனீங்களோ?"

"என்னத்தைண்ணா?"

"பஸ்ஸை! வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு வருது. இடம் கிட்ட வந்தா மட்டும் வாயைத் திறந்து நிறுத்தத்தின்ரை பேரைச் சொல்லுது. என்ரை ஃபோனும் அப்பிடிச் செய்யட்டும். சோறு வைச்சா, கோயிலாலை வெளிக்கிட்டா, வேலை முடிஞ்சா வாயைத் திறந்து என்னட்டை ஒரு கேள்வி கேக்கட்டும். கேட்டாச் சொல்லுவன். கேக்காமல் எனக்குச் சொல்ல வராது."

இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். இத்தனை நாளும் எல்லா விதியின் இரண்டாம் பாதியிலும் "எழுது" என்று வைத்திருந்தோம். "கேள்" என்று வைக்கலாம்!

அன்றிரவே துசாந்தினிக்குத் தகவல் போட்டேன். அப்பாவுக்குத் தெரியாமல் கேள்விகளை அவள் குரலிலேயே பதிந்து அனுப்பச் சொன்னேன். இரண்டு நாளில் ஒரு கட்டுக் கேள்விகள் வந்தன. குக்கருக்குச் சில, கோயிலுக்குச் சில, வேலை முடிவுக்குச் சில. ஒன்று மாற்றி ஒன்றாக வரும்படி அமைத்தேன்.

முதல் சோதனையின்போது அவர் வீட்டுச் சமையலறையில் நின்றேன். குக்கரின் பொத்தானை அழுத்தினார். சில வினாடிகள். மேசையிலிருந்த கைபேசி பேசியது: "அப்பா, இண்டைக்கு என்ன கறி?"

கையிலிருந்த மூடி தரையில் விழுந்து உருண்டது. வேலையிலிருந்து வந்து படுக்கையறையில் உடை மாற்றிக்கொண்டிருந்த புஷ்பமலர் அக்கா ஓடி வந்தார். "பிள்ளை வந்திட்டாளோ? ஆர் கதவு திறந்தது?" என்று கதவுவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவரோ கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கத்தரிக்காய் பிள்ளை. அம்மா வேலையாலை வரேக்கை சூடா இருக்கோணும் எண்டு நான்தான் வைச்சன். உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. அம்மாட்டைச் சொல்லாதை."

"நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றார் அக்கா.

பதிவை எழுத்தாக மாற்றும் வசதியும் இருந்தது. அது அவர் பேச்சைச் செய்தி வாசிப்பவர் தமிழாக்கிக் கொடுத்தது. "வேண்டாம், குரல் அப்பிடியே இருக்கட்டும்" என்று துசாந்தினி சொல்லிவிட்டாள்.

அதன்பின் அந்த மனிதர் பேசினார். வீதியில் எல்க் மான் ஒன்று குறுக்கே நின்றதும், பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் படம் எடுக்கும்வரை காத்திருந்ததும்: "ஊரிலை மாடு, இஞ்சை இது. எங்கை போனாலும் எனக்கு ஒரே வேலை." ஒரு கிழவர் பனிச்சறுக்குக் கட்டைகளை மறந்து இறங்க, அவற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் வேலை முடிந்ததும் வந்த கேள்வி, "அப்பா, எனக்கு நீங்கள் சொல்லாத ஒண்டு சொல்லுங்கோ." பதிவில் முதலில் பஸ் எந்திரத்தை அணைக்கும் சத்தம். பிறகு: "நீ துறொம்சோ போன அண்டு எயார்ப்போட்டிலை பார்க்கிங் முடியுது எண்டு சொல்லி வெளிக்கிட்டனான். அது பொய். இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. காருக்குள்ளை இருந்தனான்."

அதற்குத் துசாந்தினி எழுத்தில் பதில் போடவில்லை. அன்றே கோடைக்கான விமானச் சீட்டைப் போட்டு, அதன் படத்தை அனுப்பினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்த வேகத்தில் கடிகாரம் மறுபடியும் உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டது.

அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. நேற்று இரவு விமானத்திலேயே வந்துவிட்டாள்.

இன்று கீழ் வீட்டில் அடுப்பு எரியவில்லை; சாப்பாடு மற்ற வீடுகளிலிருந்து வந்தது. ஆறிய தேநீரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துசாந்தினி, "அக்கா, அது இன்னும் ஓடுதோ?" என்று கேட்டாள். விதிகள் எல்லாம் என் கணக்கிலிருந்துதான் ஓடுகின்றன. "நிறுத்திடட்டுமா?" என்றேன். "இண்டைக்கு வேண்டாம்" என்றாள்.

மேலே வந்து திறந்து பார்த்தேன். இன்றைய பக்கத்தில் வானிலை இருக்கிறது: ஏழு பாகை, தெளிவான வானம். நடை இல்லை. பஸ் இல்லை. சோறு இல்லை. அவற்றுக்குக் கீழே, மாலை ஊர்க் குழுவில் யாரோ போட்ட படம் தானாக வந்து ஏறியிருக்கிறது. கறுப்புக் கரை, நடுவில் நீலச் சீருடையில் குலேந்திரன் அண்ணா, சிரிப்பு அடக்க முடியாத முகம்.

பக்கம் காலியாக இல்லை.

நாங்கள் பாதியில் விட்ட அந்த விதியையும் திறந்தேன். முதல் பாதியில் "ஊர்க் குழுவிலிருந்து மரண அறிவித்தல் வந்தால், தெரிந்தவர் இல்லையென்றால்" என்று இருக்கிறது. இரண்டாம் பாதிக்கான கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.