சந்து விடக் கூடாதாம்

எந்த ஊரிலும் எதையும் முடித்துவிட்டு நான் கிளம்பியதில்லை. பாதி வேலையிலேயே பையைத் தூக்கிவிடுவேன். மைசூருக்கு வந்தபோது மட்டும் ஒன்றை முடிவு செய்தேன். வால்வு வைத்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை என் கையால் செய்து, இரண்டு ஸ்பீக்கரும் பாடிக் கேட்ட பிறகுதான் அடுத்த பஸ். பையை ஆணியில் மாட்டினேன்.

அதற்கு ஒரே மாதிரி இரண்டு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய வால்வு ரேடியோவுக்குள் ஸ்பீக்கரை ஒட்டித் திருகியிருக்கும் சின்ன இரும்புக் கட்டி அது. ஒன்று இங்கேயே குஜரிக் கடையில் பழைய இரும்போடு கிடந்தது. ஜோடிக்காக அலைந்தேன். கிடைத்த இடத்தில் மூட்டை தூக்கினேன், கிடைத்த இடத்தில் படுத்தேன். கடைசியில் ஹனூரில், இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், அதே மாதிரி ரேடியோ மண் மூடிக் கிடந்தது.

இரண்டிலும் வெளியே வரும் ஒயர் ஒடிந்திருந்தது. என் அறைக்குக் கீழே மோட்டார் காயில் கட்டும் கடை. வைத்திருப்பவன் கொள்ளேகால் பக்கத்துத் தமிழன். "ஒயரை மட்டும் ஒட்டு. வேற எதையும் தொடாதே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, குண்டலுபேட்டைக்குக் காய்கறி லோடு ஏற்றப் போனேன்.

திரும்பி வந்தால் இரண்டும் அவன் மேஜைமேல் பளபளத்துக்கொண்டிருந்தன. புது வார்னிஷ்.

"பிரிச்சியா?"

"ஆமாங்கண்ணா. உள்ளார எவனோ சும்னே பேப்பர் சொருகி வச்சிருந்தானுங்க. தகடெல்லாம் ஒரே பக்கமா அடுக்கியிருக்கான், சோம்பேறிப்பய. பேப்பரத் தூக்கி எறிஞ்சுட்டு, மாத்தி மாத்தி அடுக்கி, வார்னிஷ் ஊத்திச் சுட்டுட்டேன். சந்தே இல்லீங்க, பாருங்க."

"யோவ், அந்தச் சந்துதான்யா அதுக்கு உயிரு!"

"என்னங்கண்ணா பேசறீங்க? ட்ரான்ஸ்ஃபார்மர்ல சந்து விடக் கூடாதுங்க. விட்டா சத்தம் போடும்."

"சத்தம் போடத்தான்யா அது இருக்குது!"

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

வீட்டு கரண்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அவன் சொன்னது சரி. இதற்குச் சரியில்லை. இதன் சுருளில் பாட்டோடு சேர்ந்து, வால்வுக்குப் போகும் டிசி கரண்டும் ஓயாமல் ஒரே திசையில் ஓடும். சந்தில்லாத இரும்பை அது காந்தத்தால் நிரப்பிவிடும். நிரம்பிய இரும்பில் பாட்டு ஏறி இறங்க இடமிருக்காது. குரல் நசுங்கும், தபேலா செத்துப்போகும். நிரம்பாமல் காப்பது அந்தக் காகிதம் அளவு இடைவெளிதான். நான் ஏழாவது தாண்டாதவன். முன்பு வேறொன்றைப் பிரித்துக் கெடுத்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அவனோ கேட்கக்கூட இல்லை. தொடாதே என்றேன், தொட்டான்.

இரண்டையும் அறைக்குத் தூக்கிப்போய், வார்னிஷ் இளகத் தின்னரில் ஊறவைத்து, பிளேடால் ஒவ்வொரு தகடாக நெம்பினேன். முதலாவதில் பிளேடு வழுக்கி, தலைமுடி போன்ற கம்பியை உள்ளே அறுத்துவிட்டது. அது போயிற்று. இரண்டாவது பிழைத்தது. தகடுகளைப் பழையபடி ஒரே பக்கமாக அடுக்கினேன். காகிதத்துக்குச் சட்டைப் பையைத் துழாவினேன். குண்டலுபேட்டையிலிருந்து வந்த பஸ் டிக்கெட் இருந்தது. வெட்டிச் செருகி இறுக்கினேன்.

ஒரு ஸ்பீக்கர் பாடியது. நன்றாகவே பாடியது. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

சத்தம் கேட்டு அவன் மாடியேறி வந்தான்.

"அட, நல்லாப் பாடுதுங்களே! நாஞ்சுட்ட வார்னிஷுங்கண்ணா. இன்னொண்ணு எங்க?"

செத்ததை எடுத்துக் காட்டினேன்.

"குடுங்க, புதுசாவே சுத்தித் தர்றேன். இந்தத் தடவ ஒரு சந்தும்..."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. மறுபடி அதே ரேடியோவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காலையில் இறங்கும்போதெல்லாம் அவன் கேட்கிறான், "ஏனுங்கண்ணா, இன்னும் கோவமா?"

ஆமாம்.